பதின்மூன்றால் வகுத்தால்

காலிக் குடுவையைத் துணியால் துடைத்து, இடுக்கியால் தூக்கி, தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு மூச்சை நிறுத்திக்கொள்கிறார். எண்கள் ஆடுகின்றன. கடைசி இலக்கம் மூன்றா நான்கா என்று முடிவுக்கு வராமல் தத்தளிக்கிறது. அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"அசையாதீங்க. நீங்க அசைஞ்சா தரை அசையும், தரை அசைஞ்சா எண் அசையும்," என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மூன்றில் நின்றது. எழுதினார். குடுவையை வெளியே எடுத்தார், மறுபடி துடைத்தார், மறுபடி வைத்தார். மூன்றுதான். அதையும் எழுதினார். கையால் தொட்டால் என்ன என்று கேட்டேன். "விரல்ல எண்ணெய்ப்பசை இருக்கும். அதுவும் எடைதானே. அப்புறம் நான் எடை போட்டது பொருளையா, என் விரலையான்னு யாருக்குத் தெரியும்?"

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடங்களாக இதே அரசு ஆய்வுக்கூடத்தில் இதே அறை. கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவை விட்டுத் தள்ளிப் பின்பக்கமாக, கடைசியில் இருக்கிறது. மேல்மாடியில் வைத்தால் பேருந்து போகும்போதெல்லாம் தராசு நடுங்கும் என்பதால் இங்கே இறக்கினார்கள். ஜன்னல் இடுக்குகளில் காற்று வராதபடி காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறார். கோடையில் அந்த அறையில் மனிதர்கள் வேகலாம். மின்விசிறிக்கு அனுமதி கிடையாது. சக ஊழியர்கள் அவரைத் தராசம்மா என்று முதுகுக்குப் பின்னால் சொல்ல ஆரம்பித்து, பிறகு முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அவரே தொலைபேசியை எடுத்து, "தராசம்மாதான் பேசறேன், சொல்லுங்க," என்கிறார்.

அவருடைய வேலை, ஒரு பொருள் எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பது. எங்கிருந்தோ ஒரு சீசா வரும். அதிலிருந்து கடுகளவு எடுத்து எடைபோட்டு, நீளமான குழாய்க்குள் வைத்து, பிராணவாயுவைச் செலுத்தி எரிப்பார். எரிந்ததில் உண்டான நீராவியை ஒரு சிறு குழல் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியமில வாயுவை இன்னொரு குழல். எரிப்பதற்கு முன்னும் பின்னும் அந்தக் குழல்களை எடை போட்டால், பொருளுக்குள் எவ்வளவு கார்பன், எவ்வளவு ஹைட்ரஜன் என்று வந்துவிடும். "எரிஞ்சு போச்சுன்னு சொல்றோமே, அது எங்கயும் போறதில்ல. பக்கத்துக் குழாயிலதான் உக்காந்திருக்கு." இந்த வேலையைச் செய்ய இப்போது புது இயந்திரம் ஒன்று மாடியில் வந்திருக்கிறது. அது சொல்லும் எண்ணில் சந்தேகம் வந்தால் சீசாவை இவரிடம் இறக்கிவிடுகிறார்கள்.

இடது மணிக்கட்டில் உலை சுட்ட தழும்பு, காப்பு போட்டதுபோல வளைந்திருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி ஒன்று, தலையில் ஏற்றிவைத்த கண்ணாடி ஒன்று. இரண்டும் இருக்க மூன்றாவதைத் தேடுவார். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க முடியாது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால் பத்தேகால் என்பார், பத்தேகாலுக்கு வந்து நிற்பார். அவருடைய கணவர் தையல்காரர். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே அளக்கிற பொழப்புதாங்க. நானாவது தையல்ல அரை இஞ்சு விட்டுக்கொடுப்பேன். இவகிட்ட அந்தப் பேச்சே கிடையாது," என்று சொல்லிவிட்டு, மனைவி சிரிக்கிறாரா என்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஒருகாலத்தில் இதற்குச் சிரிப்பாராம்.

அந்த ஒருகாலம் முடிந்து மூன்று வருடங்கள் ஆகின்றன.

அன்று வந்த சீசா மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. நாரிழைப் பிளாஸ்டிக்கில், ஃபைபர் என்பார்களே அதில், தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றிலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் எடுத்து அனுப்பியது. தூரிகைகளையும் உருளைகளையும், வேலை முடிந்தபின் கைகளையும் பிசின் போகக் கழுவுவதற்காக அங்கே பீப்பாய்களில் ஒரு திரவம் வைத்திருந்தார்கள். அது ஸ்டைரீன் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். பிசினில் கலப்பதும் ஸ்டைரீன்தான், அதனால் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. தலைவலி வருகிறது என்று சில தொழிலாளர்கள் புகார் சொன்னதால் சீசா இங்கே வந்தது. கூடவே வந்த படிவத்தில் கேட்டிருந்தது ஒன்றுதான்: தனிமங்களின் விகிதம், அது சொல்லப்பட்ட பொருளோடு ஒத்துப்போகிறதா.

மூன்று முறை எரித்தார். மூன்று முறையும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி மூன்று கார்பன், ஏழு புள்ளி ஏழு ஹைட்ரஜன். முதல் எண்ணைக் கார்பனின் எடையான பன்னிரண்டால் வகுத்தால் ஏழு புள்ளி ஏழு. இரண்டாவதை ஹைட்ரஜனின் எடையான ஒன்றால் வகுத்தாலும் அதேதான். ஒரு கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன். பாடப்புத்தகத்தில் இதற்கு எளிய விகித வாய்பாடு என்று பெயர். ஸ்டைரீனில் எட்டுக் கார்பன், எட்டு ஹைட்ரஜன். விகிதம் பொருந்திவிட்டது. 'அறிவிக்கப்பட்ட பொருளோடு ஒத்துப்போகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் புரிவதற்காக அதை இப்படிச் சொன்னார்: "ஒரு வீடு இருக்குன்னு வைங்க. உள்ள ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் சரிக்குச் சரின்னு மட்டும் யாரோ சொல்றாங்க. சரி, மொத்தம் எத்தனை பேரு? அதுல ஒரு புருஷன் பொண்டாட்டியும் இருக்கலாம், எட்டு ஜோடியும் இருக்கலாம். எண்ணிப் பாத்தாதான் உண்டு. எண்ணிப் பாக்கறதுன்னா, ஆவியாக்கி எடை போடறது. அது மூலக்கூறு எடை. அரை நாள் வேலை. படிவத்துல அதைக் கேக்கல. வரிசையில இன்னும் ஆறு சீசா இருந்துச்சு. நான் எண்ணல."

நான் கேட்காததையும் சொன்னார். மூடியைத் திறந்தபோது வந்த வாசனை அவருக்குப் பழக்கமான ஸ்டைரீன் வாசனையாகப் படவில்லை. வேறு மாதிரி இனிப்பு. "ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம், மூக்கையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியுமான்னு மூடிட்டேன்."

ஏழு மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி அறை வாசலில் வந்து நின்றாள். பள்ளியொன்றில் எழுத்தர் வேலை. கையில் ஒரு நகல் காகிதம், நான்காக மடித்து விரித்து மடித்து நைந்திருந்தது.

"இந்தக் கையெழுத்து யாரோடது மேடம்?"

"என்னோடதுதாம்மா. என்ன விஷயம்?"

"எங்க அண்ணன் அந்தப் பட்டறையிலதான் இருக்கான். தொட்டிக்கு மெருகு போடற வேலை. இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கான். பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம் நிக்க மாட்டேங்குது. லேசா இடிச்சாலே உடம்பு நீலமாயிடுது. அவனோட வேலை பாத்தவங்க இன்னும் ரெண்டு பேருக்கும் அப்படித்தான். டாக்டர், என்னத்துல வேலை செஞ்சீங்கன்னு கேக்கறாரு. நாங்க இந்தப் பேப்பரைக் காட்டினோம். இதுனால இவ்வளவு ஆகாதேன்னு அவரு குழம்பறாரு."

"இந்தப் பேப்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"பட்டறையில அஞ்சு மணி ஆனா எல்லாரும் கை கழுவற இடத்துக்கு மேல இதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்காங்க மேடம். யாராவது எரியுது, மயக்கமா வருதுன்னு சொன்னா, மேல பாரு, கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்குன்னு முதலாளி சொல்வாராம். எங்க அண்ணன் அதைப் படிச்சுப் படிச்சு மனப்பாடமே பண்ணிட்டான்."

தராசம்மா அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு சீசாவிலும் கொஞ்சத்தை ஒரு வருடம் எடுத்து வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அலமாரியில் பழைய சீசா இருந்தது. ஊசி நுனி போல ஒரு துளை மட்டும் விட்ட குடுவையில் அந்தத் திரவத்தை ஊற்றி, எண்ணெய்த் தொட்டியில் இறக்கிச் சூடேற்றினார். உள்ளே இருப்பது முழுக்க ஆவியாகி, மிகுதி வெளியேறி, குடுவை நிறைய ஆவி மட்டும் நிற்கும். அதைக் குளிரவைத்து எடை போட்டால், தெரிந்த கொள்ளளவுக்குத் தெரிந்த எடை. அதிலிருந்து ஒரு மூலக்கூறின் எடை.

ஸ்டைரீன் கொதிக்க நூற்று நாற்பத்தைந்து டிகிரி வேண்டும். அதற்கேற்ப எண்ணெயை நன்றாகச் சூடாக்கத்தான் அவர் தயாராக இருந்தார். எண்பதைத் தாண்டிய உடனே குடுவைக்குள் திரவம் கொதிக்க ஆரம்பித்தது.

"அப்பவே தெரிஞ்சு போச்சு. எடை போடவே வேண்டியதில்ல. ஆனாலும் போட்டேன். போடாம விட்டதுதானே இவ்வளவுக்கும் காரணம்."

எடை எழுபத்தெட்டு. ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தால் பதின்மூன்று. எழுபத்தெட்டைப் பதின்மூன்றால் வகுத்தால் ஆறு. எட்டும் எட்டும் இருக்க வேண்டிய வீட்டில் ஆறும் ஆறும்தான் இருந்தன. அது பென்சீன். ஸ்டைரீனும் நல்ல பொருள் இல்லை. ஆனால் பென்சீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய், எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையே பாழாக்கிவிடும். மலிவாகக் கிடைத்த பீப்பாய்களை முதலாளி வேறு பெயரில் வாங்கி வைத்திருந்தார் என்று பின்னால் விசாரணையில் வந்தது. பட்டறை ஆட்கள் தினமும் முழங்கைவரை அதில்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள், தலைக்கு மேலே தராசம்மாவின் கையெழுத்தோடு.

பிரிவுத் தலைவரிடம் போனார். தலைவர் நல்ல மனிதர், ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"படிவத்துல விகிதம்தான் கேட்டிருக்கான். விகிதம் இப்பவும் அதேதானே? அப்ப நம்ம ரிப்போர்ட்டுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. பதட்டப்படாதீங்க. புது சேம்பிள் முறைப்படி வரட்டும், முறைப்படி பதில் கொடுப்போம்."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"பத்து நாள், பதினஞ்சு நாள்."

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்க கை கழுவுவாங்க சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இங்கேர்ந்து எதையும் வெளிய சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார். அவர் உண்மையாகவே இவருடைய நல்லதுக்குத்தான் சொன்னார்.

வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே வெளியே வந்து, பெஞ்சில் இருந்த பெண்ணிடம், "உங்க டாக்டருக்கு போன் போடுங்க. பென்சீன்னு சொல்லுங்க. எழுதிக்கோங்க, மறந்துடாதீங்க," என்றார். பிறகு, "பட்டறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். வழியில் அந்தப் பெண் ஒரே ஒரு முறை, "அன்னிக்கே இதைப் பாத்திருக்க முடியுமா?" என்று கேட்டாள். "முடியும்," என்றார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. நாரிழைத் தூசியில் புருவம்கூட வெளுத்திருந்தது. முதல் ஆள் கை கழுவும் தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார். தராசம்மா ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்தார். முன்பின் தெரியாத ஆம்பளை கையை அப்படிப் பிடித்தது அவருக்கே பின்னால்தான் உறைத்தது.

"கழுவாதீங்க. இது வேற. இது ரத்தத்தைக் கெடுக்கும். சோப்பு போட்டுத் தண்ணியில கழுவுங்க, பிசின் போகலேன்னா இருக்கட்டும்."

"இல்லம்மா, மேல எழுதியிருக்கே," என்றார் அந்த மனிதர், பொறுமையாக, விவரம் தெரியாதவருக்குச் சொல்வதுபோல.

"அதை எழுதினதே நான்தான்யா."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைச் சுட்டிக்காட்டி, "உங்க கையெழுத்துதானேம்மா? அப்ப அது பொய்யா?" என்று கேட்டார். தராசம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். முதலாளி தடுக்க வந்தபோது, தொட்டியில் கை விட்டிருந்த மனிதர் குறுக்கே போய் நின்றுகொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் அண்ணன், அந்த மெருகுக்காரர், பதினோராம் நாள் இறந்துபோனார். நோயின் பெயர் தெரிந்ததால் பிழைத்துவிடவில்லை; அதற்குள் நாள் கடந்திருந்தது. இன்னொருவர் அடுத்த மழைக்காலத்தில் போனார். மூன்றாமவர் ரத்தம் ஏற்றிக்கொண்டு இருக்கிறார். வரிசையில் நின்ற பதினான்கு பேரில் இரண்டு பேருக்கு ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. வேலையை விட்டபின் மெல்லத் தேறினார்கள். அலுவலக ரகசியத்தை வெளியிட்டதற்கும், அத்துமீறி ஒரு பட்டறைக்குள் நுழைந்ததற்கும் தராசம்மாவை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். முதல் அறிக்கைக்காக அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதில் தவறே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

"வீட்டுக்காரர்கூட அதைத்தான் சொன்னார். கேட்டதைத்தானே செஞ்சே, உன்மேல என்ன இருக்குன்னு. நான் கேட்டேன், நீங்க ஒரு சட்டைக்குக் கையை மட்டும் தைச்சுட்டு, சட்டை சரியா இருக்குன்னு சீட்டு எழுதித் தருவீங்களான்னு. அன்னிக்கு முழுக்க அவர் மெஷின்ல உக்காரல."

திரும்பி வந்தபிறகு, படிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா சீசாவையும் ஆவியாக்கி எடை போடுகிறார். அதனால் வரிசை நீண்டுவிட்டது என்று மேலே புகார் போயிருக்கிறது. மதிய உணவு நேரத்திலும் அலுவலகம் முடிந்த பிறகும் அந்த வேலையைச் செய்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டு டப்பா பெரும்பாலும் போனபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று கணவர் சொன்னார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் சாட்சி சொன்ன நாளில் நான் நீதிமன்றத்தில் இருந்தேன். முதலாளியின் வழக்கறிஞர் இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "இதுவும் நீங்க எழுதினது, அதுவும் நீங்க எழுதினது. எதைத்தாம்மா நம்பறது?" என்றார்.

"ரெண்டையும் நம்பலாம். முதல்ல எழுதினது பாதி."

"பாதின்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல. எழுதியிருக்கணும்."

படிவத்தில் கேட்கவில்லை, அலுவலக விதி அப்படி என்றெல்லாம் சொல்ல வாய்ப்பு இருந்தது. அரசு வழக்கறிஞரே அந்தப் பக்கம் கேள்வியைத் திருப்பிவிட்டுப் பார்த்தார். தராசம்மா அந்த வழியில் போகவில்லை. அந்தப் பதில் முதலாளிக்குத்தான் சாதகம் என்று வெளியே வந்ததும் சில பேர் அவரைக் கடிந்துகொண்டார்கள். மெருகுக்காரரின் தங்கை படியிறங்கிப் போனாள். பட்டறைக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு அவள் இவரோடு பேசியதில்லை.

சாட்சி முடிந்துவிட்டதால் அவர் இனி வர வேண்டியதில்லை. இருந்தும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வழக்கு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தள்ளிப்போய்விடும். போன மாதம் நானும் அவர் பக்கத்தில் இருந்தேன். அன்று தங்கை வருவதற்குத் தாமதமாகிவிட்டது. குமாஸ்தா வழக்குக் கட்டைப் பிரித்து, இறந்துபோனவரின் பெயரை உரக்கப் படித்துவிட்டு, "இவர் தரப்புல யாரு?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. இரண்டாம் முறை கேட்டார். தராசம்மா எழுந்து நின்றார்.

"நீங்க என்ன உறவும்மா?" என்றார் குமாஸ்தா, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

தராசம்மா உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, எல்லோரும் திரும்பிப் பார்க்க, கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் மூச்சிரைக்க உள்ளே வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.